கடலில்லா நாட்டில் எமக்குரிய கரை எது?

கோடை பிறந்துவிட்டால் சுவிற்சர்லாந்தில் வாழும் எம்மவர் வீடுகளில் ஆண்டுதோறும் ஒரே கேள்வி எழுகின்றது. ஒருநாள் ஓய்வு கிடைத்திருக்கிறது, வானமும் வெளித்திருக்கிறது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எங்கே போவது? பெரும்பாலான வீடுகளில் முதலில் வரும் விடை, "கடலுக்குப் போவோம்" என்பதேயாகும்.

நாற்புறமும் நிலத்தாற் சூழப்பட்ட ஒரு நாட்டில் இருந்துகொண்டு இவ்வாறு விடை சொல்வது பிறருக்கு வியப்பாக இருக்கலாம். எமக்கு அதில் வியப்பில்லை. காரைநகர் கசூரினாக் கடற்கரையிலும், பருத்தித்துறை முனையிலும், நிலாவெளியிலும், பாசிக்குடாவிலும், கல்லடியிலும் கால் நனைத்து வளர்ந்தவர்கள் நாம். விடுமுறை என்றால் கடல் என்றே மனம் பழகிவிட்டது. அந்த மனத்தைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் ஒருநாட் பயணத்திற்கு எமக்கு உகந்த கரை இத்தாலியில் இல்லை, இந்நாட்டு ஏரிகளின் ஓரத்திலேயே உண்டு என்பதும், அந்தக் கரையையும் கண்ணை மூடிக்கொண்டு தெரிவு செய்யலாகாது என்பதுமே நாம் இங்கு வலியுறுத்த விரும்பும் கருத்து.

கரையைத் தெரிவு செய்வதற்கு மூன்று கேள்விகள் போதுமானவை. குடும்பத்தில் ஒருவரேனும் விடுபடாமல் அனைவரும் அங்கே செல்ல முடியுமா? களைத்துப் போகாமல் ஒரே பகலிற் சென்று திரும்ப முடியுமா? சென்ற அத்தனை பேரும் உயிரோடு வீடு திரும்பத்தக்க நீர்நிலையா அது?

ஜெனோவா என்னும் கனவு

சுவிசில் வாழ்வோருக்கு மிக அண்மையிலுள்ள கடல் இத்தாலியின் ஜெனோவாப் பகுதிக் கடலாகும். சூரிச்சிலிருந்து அது 400 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தில் உள்ளது. வீதி வெறுமையாக இருந்தாலும் வாகனத்தில் ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் செல்லும். கோடை விடுமுறைக் காலத்திலோ வீதி வெறுமையாக இருப்பதில்லை. 1980 இல் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 17 கிலோமீற்றர் நீளமான கொட்ஹார்ட் வீதிச் சுரங்கத்தின் வடக்கு வாயிலில், யூலை மாதத்துச் சனிக்கிழமைகளில் வாகனங்கள் பத்துக் கிலோமீற்றர் நீளத்திற்கு வரிசை கட்டி நிற்பது புதுமையன்று. 57 கிலோமீற்றர் நீளமான புதிய புகையிரதச் சுரங்கம் 2016 இல் திறக்கப்பட்ட பின்னர் மிலான் வரையிலான பயணம் விரைவாயிற்று. ஆயினும் மிலானில் வண்டி மாறி ஜெனோவாவை அடைய அதே ஐந்து மணித்தியாலம் வேண்டும். போக ஐந்து, வர ஐந்து. மீதியுள்ள சில மணித்தியாலத்திற் சமைத்த உணவை உண்பதா, குளிப்பதா, பிள்ளைகளின் தூக்கத்தைக் கவனிப்பதா? மறுநாட் காலை ஐந்து மணிக்கு உணவகத்திற்கோ மருத்துவமனைக்கோ வேலைக்குப் போக வேண்டிய தாய் தந்தையருக்கு இது ஓய்வாகுமா? லுகானோவில் வாழ்வோருக்கு மட்டுமே இக்கணக்குச் சற்று இலகுவானது.

சென்றடைந்த பின்பும் ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்தக் கரையோரத்தின் பல இடங்கள் கூழாங்கற் கரைகளாகும். சில அடி உள்ளே சென்றதும் ஆழம் தொடங்கிவிடும். பல கரைகளிற் குடைக்கும் சாய்கதிரைக்கும் பணம் செலுத்த வேண்டும். கட்டணமின்றி அமரக்கூடிய பகுதி ஒடுங்கியதாகவே இருக்கும். இடுப்பளவு நீரில் நெடுந்தூரம் நடந்து செல்லக்கூடிய கசூரினாவை மனதில் வைத்துக்கொண்டு செல்பவர் அங்கே அதனைக் காணப்போவதில்லை.

எல்லைக்கோடும் அட்டை எழுத்தும்

தூரத்தை விடப் பெரிய தடை ஒன்றுண்டு. 1983 யூலை இனக்கலவரத்தைத் தொடர்ந்து எம்மவர் பெருந்தொகையாக இந்நாட்டிற்கு வரத் தொடங்கிய காலத்திலிருந்து, எவர் எங்கே செல்லலாம் என்பதை எமது சட்டைப் பையிலுள்ள அட்டையின் எழுத்தே தீர்மானித்து வந்துள்ளது. முன்னர் இலங்கைக் கடவுச்சீட்டுடன் இங்கே வதிந்தவர்கள் இத்தாலிக்கோ பிரான்சுக்கோ செல்வதற்கு விசா எடுக்க வேண்டியிருந்தது. 2008 டிசெம்பர் 12 ஆம் நாள் சுவிஸ் செங்கன் உடன்பாட்டை நடைமுறைப்படுத்தியதன் பின்னர் நிலைமை மாறிற்று. 'பி' அல்லது 'சி' அட்டையும் செல்லுபடியான கடவுச்சீட்டும் உடையோர், 180 நாட்களில் 90 நாள் வரை செங்கன் நாடுகளுக்கு விசாவின்றிச் சென்று வரலாம். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டோர் தமக்குரிய பயண ஆவணத்துடன் செல்லலாம்.

ஆனால் தஞ்சக் கோரிக்கை விசாரணையில் உள்ள 'என்' அட்டைக்காரருக்கு அந்த வழி இல்லை. அவரது கடவுச்சீட்டு அதிகாரிகளின் கையில் இருக்கும். அகதியாக ஏற்றுக்கொள்ளப்படாது 'எஃப்' அட்டையுடன் தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவரும், முன்கூட்டியே மீள்வருகை விசா பெற்றாலன்றி எல்லையைத் தாண்டலாகாது. "செங்கன் வந்துவிட்டதே, எல்லையில் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று சிலர் துணிவு சொல்வதுண்டு. அத்துணிவு ஆபத்தானது. சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வலயத்திற் சேராத நாடு. எனவே எல்லையிற் சுங்கக் காவலர் இன்றும் நிற்கின்றனர். கியாசோவிற் புகையிரதத்தினுள் ஏறிப் பயணிகளைச் சோதிப்பதும் உண்டு. ஒருநாட் குளிப்புக்காக, ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும் ஒரு வழக்கைச் சிக்கலுக்குள் தள்ளுவதா?

எமது குடும்பங்களில் எழுத்துக்கள் கலந்தே கிடக்கின்றன. பிள்ளைகளிடம் சுவிஸ் கடவுச்சீட்டு, தந்தையிடம் 'சி', அண்மையில் வந்த மாமனிடம் 'என்', அயல் வீட்டுத் தாயிடமும் பிள்ளையிடமும் 'எஃப்'. இத்தாலிப் பயணம் என்று முடிவானதும் இருவர் மெல்ல ஒதுங்கிக்கொள்வர். "எனக்குத் தலையிடி, நீங்கள் போய் வாருங்கள்" என்பர். காரணம் எல்லோருக்கும் தெரியும். எவரும் வாய்திறந்து சொல்வதில்லை. ஒரே மேசையில் உண்ணும் குடும்பம் ஒரே கரையில் அமர முடியாது போகுமாயின் அது என்ன உல்லாசம்? விடுபட்டவரின் மனத்தில் அந்த ஒருநாள் எத்தனை நாள் தங்கும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்நாட்டு ஏரிகளிலும் எல்லைக்கோடு ஓடுகின்றது என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். பொடன்சே ஏரி சுவிஸ், ஜேர்மனி, ஒஸ்ரியா ஆகிய மூன்று நாடுகளாற் சூழப்பட்டது. றொமான்ஸ்ஹோர்ன் துறையிலிருந்து புறப்படும் பெரிய படகு ஜேர்மனியின் பிறீட்றிக்ஸ்ஹாபனைச் சென்றடையும். லொசானிலிருந்து எவியானுக்குச் செல்லும் படகு பிரான்சிற் போய் நிற்கும். லொகார்னோவிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் படகுகளுள் இத்தாலிக்குப் போவனவும் உண்டு. கரையில் இருந்து குளிப்பதற்கு எவரும் அட்டை கேட்கப் போவதில்லை. படகில் ஏறுமுன் அது எங்கே போகிறது என்று கேட்டறிவதே புத்தி.

அண்மையிலுள்ள கரைகள்

மணற்கரை வேண்டும் என்போருக்கு நொசத்தெல் ஏரியின் தென்கரையைக் காட்டலாம். முழுவதும் சுவிசுக்குள்ளேயே அடங்கிய ஏரிகளுள் 218 சதுர கிலோமீற்றர் பரப்புடைய அதுவே பெரியது. அங்கே எல்லைக் கவலை எவருக்கும் இல்லை. பிறிபூர்க்கிற்கும் இவர்டோனுக்கும் இடையே ஓடும் புகையிரதம் எஸ்தவாயே, இவோனான் ஆகிய ஊர்களில் நிற்கும். இரண்டு ஊர்களிலும் மணலும் ஆழங்குறைந்த நீரும் உண்டு. பேர்ண் பகுதியில் வாழ்வோருக்கு மூர்ற்றன் ஏரியின் சலவோக் கரையும் எட்டாத தூரமன்று. தூண் நகரின் ஏரிக் குளிப்பிடமும் அவ்வாறே. லொசான், ஜெனீவாப் பக்கத்தவர்க்கு மோர்ஜ் நகருக்கு அயலிலுள்ள பிறெவெறாஞ்ச் மணற்கரை அண்மையானது. கிழக்கில் உள்ளோருக்கு ஆர்போன், றோர்ஷாக் கரைகள். ரிசினோவில் உள்ளோருக்கு லொகார்னோவின் லிடோ. சூரிச்சில் உள்ளோருக்கு மிதன்குவாய் குளிப்பிடம், சூரிச்ஹோர்ன் புற்றரை என்று வரிசை நீளும்.

பெயரை மட்டும் பார்த்து இடத்தைத் தெரிவு செய்ய வேண்டாம். புகையிரத நிலையத்திலிருந்து முதியவரும் குழந்தை வண்டியும் செல்லத்தக்க நடை தூரமா? மரநிழல் உண்டா? மலசலகூடம் உண்டா? சிறு பிள்ளைகளுக்கென ஆழங்குறைந்த பகுதி கயிறிட்டு ஒதுக்கப்பட்டுள்ளதா? எல்லாவற்றிற்கும் மேலாக, உயிர்காப்பாளர் கடமையில் உள்ளாரா? ஆறு ஏழு பிராங் நுழைவுக் கட்டணத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் காவலற்ற கரைக்குச் செல்வது எம்மவரிடையே உள்ள பழக்கம். அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதி, உங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சோடிக் கண்களுக்கானது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

பயணச் செலவையும் குறைக்கலாம். ஆறு வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்குப் புகையிரதத்திற் கட்டணம் இல்லை. பதினாறு வயது வரையான பிள்ளைகள், ஆண்டுக்கு 30 பிராங் விலையுள்ள 'யூனியர்' அட்டையுடன் தாய் அல்லது தந்தையோடு நாடெங்கும் இலவசமாகச் செல்லலாம். நகரசபைகளிற் குறைந்த விலை நாட்சீட்டுக்கள் கிடைக்கின்றன. அவற்றை முன்கூட்டியே வாங்கிவிடுவது நல்லது.

ஆழம் தெரியாமற் காலை விடாதே

இப்பழமொழியை எமது முன்னோர் வேறு பொருளிற் சொல்லியிருக்கலாம். இந்நாட்டு ஏரிகளுக்கு அது சொல்லுக்குச் சொல் பொருந்துகின்றது. சூரிச் ஏரியின் உச்ச ஆழம் 136 மீற்றர், நொசத்தெல் 152, பொடன்சே 251, ஜெனீவா ஏரி 310 மீற்றர். பல இடங்களிற் கரையிலிருந்து சில அடி தூரம் வரை தரை சமமாகச் சென்று, பின் சடுதியாகச் சரிந்து இறங்கும். முழங்காலளவு நீரில் நின்ற பிள்ளை அடுத்த அடியிற் காணாமற் போவது இதனாலேயே.

சுவிசில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 50 பேர் நீரில் மூழ்கி இறக்கின்றனர். அவர்களிற் பெரும்பான்மையோர் ஆண்கள். மரணங்கள் பெரும்பாலும் ஏரிகளிலும் ஆறுகளிலுமே நிகழ்கின்றன. "நான் கடலில் நீந்தி வளர்ந்தவன், இந்தக் குளம் எனக்கு எம்மாத்திரம்?" என்று எம்மவர் சொல்வதைக் கேட்கும்போது அச்சமே உண்டாகின்றது. கடல்நீர் நன்னீரை விட ஏறத்தாழ இரண்டரை வீதம் அடர்த்தி கூடியது; அது உடலைத் தாங்கிப் பிடிக்கும். ஏரி நீர் அவ்வாறு தாங்காது. எமது ஊர்க் கடல் ஆண்டு முழுவதும் இளஞ்சூடாக இருக்கும். இங்கே மேற்பரப்பு 22 பாகையாக இருக்கும்போதும் சில மீற்றர் ஆழத்திற் கடுங்குளிர் இருக்கும். வெயிலிற் காய்ந்த உடல் அக்குளிரிற் பட்டதும் மூச்சுத் திணறும், கைகால் விறைக்கும். நீந்தத் தெரிந்தவரும் மூழ்குவது இவ்வாறுதான்.

1933 இல் நிறுவப்பட்ட சுவிஸ் உயிர்மீட்புச் சங்கம் சில விதிகளை நெடுங்காலமாக வலியுறுத்தி வருகின்றது. சிறு பிள்ளைகளைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள். மது அருந்திவிட்டு நீரில் இறங்காதீர்கள். உடல் சூடேறியிருக்கையிற் குதிக்காதீர்கள். முதலில் உடலை நனைத்துப் பழக்குங்கள். கலங்கிய அல்லது அறியாத நீரிற் பாயாதீர்கள். காற்றடைத்த மெத்தைகளையும் வளையங்களையும் நம்பி ஆழத்திற்குச் செல்லாதீர்கள். நெடுந்தூரம் தனியே நீந்தாதீர்கள். எமது ஒன்றுகூடல்களை நினைத்துப் பாருங்கள்: மதியம் புரியாணி, அதனோடு பியர், அதன்பின் இளைஞர் கூட்டமாகப் பாய்தல், தாய்மார் சமையலிலும் பேச்சிலும் மூழ்கியிருக்க, காற்றடைத்த முதலை மீது குழந்தைகள். இவ்விதிகளுள் எத்தனையை ஒரே பிற்பகலில் மீறுகிறோம்!

ஏரியோரங்களிற் செம்மஞ்சள் நிற விளக்குகள் நிறுத்தப்பட்டுள்ளன. அவை நிமிடத்திற்கு 40 தடவை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும் என்று பொருள்; 90 தடவை மின்னினால் புயல் நெருங்கிவிட்டது என்று பொருள். முன்னதைக் கண்டதும் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துவிடுங்கள். பின்னதைக் கண்டபின் எவரும் நீரில் இருத்தலாகாது. விபத்தென்றால் அழைக்க வேண்டிய இலக்கம் 144.

ஆறுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேர்ண் நகரின் மார்சிலியில் ஆரே ஆற்றில் மிதந்து செல்லும் சுவிஸ் இளைஞரைப் பார்த்து எமது பிள்ளைகளும் ஆசைப்படுவர். அவ்விளைஞர் சிறுவயது முதல் எந்தப் படியில் ஏற வேண்டும், எந்த இடத்திற்கு அப்பாற் போகலாகாது என்று பழகியவர்கள். பாசலில் றைன் ஆற்றிற் குளிப்போரும் அத்தகையோரே. ரிசினோவின் வெர்சாஸ்கா, மாஜா ஆறுகள் பளிங்கு போன்ற நீரால் அழைத்து ஆண்டுதோறும் பலி கொள்பவை. முதன்முறை செல்லும் குடும்பத்திற்கு ஆறு உகந்ததன்று.

கரை யாருக்குச் சொந்தம்?

"அங்கெல்லாம் வெள்ளைக்காரர் இருப்பார்கள், எங்களை ஒருமாதிரிப் பார்ப்பார்கள்" என்று தயங்கும் குடும்பங்கள் உண்டு. இத்தயக்கம் காரணமற்றதன்று. 2013 ஓகஸ்டில் ஆர்காவ் மாநிலத்தின் பிறெம்கார்ட்டன் ஊரில் தஞ்சம் கோருவோருக்கான நிலையம் திறக்கப்பட்டபோது, அவர்கள் அனுமதியின்றிச் செல்லலாகாத இடங்களின் பட்டியலில் ஊரின் நீச்சற் குளமும் இடம்பெற்றது. உலக ஊடகங்கள் அதனைக் கண்டித்தெழுதின. அதிகாரிகள் விளக்கம் கூற வேண்டியதாயிற்று. 2025 கோடையில் யூரா மாநிலத்தின் பொறான்துருய் நகரம், தனது நீச்சற் குளத்திற்குச் சுவிஸ் குடிமக்களையும், சுவிசில் வதிவோரையும், இங்கு வேலை அனுமதி உடையோரையுமே அனுமதிப்பதெனக் கட்டுப்பாடு விதித்தது. அது பிரான்சிலிருந்து வருவோரைக் கருதி எடுக்கப்பட்ட முடிவாயினும், குளிக்கச் செல்லும்போதும் அட்டையை வீட்டில் விட்டுச் செல்லலாகாது என்ற பாடம் எமக்கும் உரியது.

சட்டம் என்ன சொல்கிறது? 1979 இல் நிறைவேற்றப்பட்ட கூட்டாட்சி நிலத் திட்டமிடற் சட்டம், ஏரி ஆற்றுக் கரைகள் கட்டடங்களின்றித் திறந்திருக்க வேண்டும், பொதுமக்கள் அங்கே செல்வதும் நடப்பதும் இலகுவாக்கப்பட வேண்டும் என்பதை ஒரு கோட்பாடாகக் கொண்டுள்ளது. நடைமுறையிற் கரைகளின் பெரும்பகுதியைச் செல்வர் வீடுகள் பிடித்திருக்கின்றன. சூரிச் ஏரியைச் சுற்றித் தொடர்ச்சியான நடைபாதை அமைக்கக் கோரிய முன்மொழிவை அம்மாநில மக்கள் 2024 மார்ச் 3 ஆம் நாள் வாக்கெடுப்பில் நிராகரித்தனர். கரைக்காக வாதாடுவோர் சுவிஸ் மக்களுள்ளும் உண்டு என்பதை இது காட்டுகின்றது. திறந்திருக்கும் கரைகள் பொதுவானவை. 'என்' அட்டைக்காரரும் 'சி' அட்டைக்காரரும் அங்கே ஒரே புற்றரையில் அமரலாம். வந்த இடத்தைத் துப்புரவாக விட்டுச் செல்வதும், அனுமதித்த இடத்தில் மட்டும் அடுப்பு மூட்டுவதும், பாட்டுச் சத்தத்தை அடுத்தவர் காதுவரை கொண்டு செல்லாதிருப்பதும் எம்முடைய பங்கு.

செய்ய வேண்டியது

கடலாசையை ஏரி தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. உப்புக் காற்றுக்கும் அலையோசைக்கும் ஈடில்லை. நாலைந்து நாள் விடுமுறையும், எல்லோருக்கும் உரிய ஆவணமும் கைகூடும் ஓர் ஆண்டில் கடலுக்குச் சென்று வாருங்கள். அதேவேளை, கடல் எம்மவர் எல்லோருக்கும் இன்ப நினைவு மட்டுமன்று என்பதையும் மறக்கலாகாது. 2004 டிசெம்பர் 26 இல் முல்லைத்தீவிலும் வடமராட்சி கிழக்கிலும் மட்டக்களப்பு நாவலடியிலும் கடல் கொண்டு சென்றவர்களின் உறவினர் எம்மிடையே வாழ்கின்றனர். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் மணலிலிருந்து மீண்டவர்களும் வாழ்கின்றனர். அவர்களில் எவரேனும் "நான் தண்ணீர்ப் பக்கம் வரவில்லை" என்றால் வற்புறுத்தாதீர்கள். மரநிழலில் அவருக்கு ஓர் இடம் ஒதுக்கிக் கொடுங்கள். பேரப்பிள்ளைகளை அவர் அருகே இருத்துங்கள். ஊர்க் கடலின் கதை அவர் வாயிலிருந்து வருமாயின், அது ஜெனோவாவிற் கிடைக்காத ஒன்று.

ஊர்ச் சங்கங்களும் தமிழ்ப் பாடசாலைகளும் ஆண்டுதோறும் கோடை ஒன்றுகூடல் நடத்துகின்றன. உணவுக்கும் விளையாட்டுப் பரிசுக்கும் நிதி சேர்க்கின்றன. அந்நிதியில் ஒரு பகுதியை நீச்சற் பயிற்சிக்கு ஒதுக்குவது இன்று அவசியம். இந்நாட்டிற் பிள்ளைகளுக்கான நீர்ப் பாதுகாப்புத் தேர்வு ஒன்று உண்டு: ஆழநீரில் உருண்டு விழுதல், ஒரு நிமிடம் அவ்விடத்திலேயே மிதத்தல், பின் 50 மீற்றர் நீந்துதல். இதனைத் தேறாத பிள்ளை ஆழநீருக்குச் செல்லலாகாது என்று ஒவ்வொரு சங்கமும் விதி செய்துகொள்ளட்டும். பிள்ளைகளுக்கு மட்டுமன்றித் தாய்மாருக்கும், புதிதாக வந்திருக்கும் இளைஞருக்கும் பயிற்சி வேண்டும். பெண்கள் கூச்சமின்றிக் கற்பதற்கு, மாரிகாலத்தில் உள்ளகத் தடாகம் ஒன்றை மாலை ஒருமணித்தியாலம் வாடகைக்கு எடுப்பது சங்கங்களாற் செய்ய முடியாத காரியமன்று.

அடுத்த ஞாயிறு எங்கே போவது என்று பேசும்போது, முதலில் வீட்டிலுள்ளோரின் அட்டைகளையும் அவர்களில் யார் யாருக்கு நீந்தத் தெரியும் என்பதையும் கணக்கெடுங்கள். கரை அதன்பின் தானாகவே தெரிவாகும்.